ஊருக்குக் கேட்காத வகுப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு மூன்று லாரி வாங்கியவன் திருச்சுழிப் பக்கத்தில் வேறு எவன் இருக்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற தொழில். பதினோரு வயதில் கோடாலி பிடித்தேன். இன்றைக்கு என் மூட்டங்களில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். டிகிரி முடித்த பையன்கள் இரண்டு பேர் என்னிடம் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார்கள். நான் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள்.

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சுற்றுச்சுவர் நான் கட்டிக் கொடுத்தது. மூன்று மின்விசிறியும் நான் வாங்கிப் போட்டது. இறக்கைகளில் ‘உபயம்’ என்று என் பேரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னேன். விசிறி ஓடும்போது பேர் தெரியாது, கரண்டு போனால்தான் தெரியும். எங்கள் ஊரில் கரண்டு போவதற்குப் பஞ்சமில்லை என்பதால் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் தாய்தான் அதற்குத் தலைவியாக இருக்க முடியும். அப்போது தலைவியாக இருந்தது என் மூட்டத்தில் கரி அள்ளுகிற ஒரு பெண். அவள் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தாள். நான் குழுவில் வெறும் உறுப்பினன். ஆனால் கூட்டம் நடந்தால், நான் வாயைத் திறக்கிற வரைக்கும் மற்றவர்கள் விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், அந்தக் குழுவை வைத்து ஒரு டீச்சரை நான் கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. காதால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். காலையில் பத்து மணிக்கு வாத்தியார் ஒரு வரி சொல்வார். முப்பது பிள்ளைகளும் தொண்டை கிழிய அதைத் திருப்பிச் சொல்லும். அந்தச் சத்தம் காற்று வாகாக இருந்தால் கண்மாய்க்கரை வரைக்கும் வரும். நூறு நாள் வேலைக்கு வந்து மண் அள்ளுகிற தாய்மார்கள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். “அந்தா, எம்மக சத்தம்” என்பாள் ஒருத்தி. “போடி, அது எம்மவன். அவனுக்குத்தான் அப்பிடித் தொண்டை” என்பாள் இன்னொருத்தி. முப்பது பேர் கத்துவதில் தன் பிள்ளையின் குரலை எப்படிப் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிரித்தார்கள். சத்தம் பெரிதாக இருந்தால் வாத்தியார் நல்லவர். சத்தம் குறைந்தால் வாத்தியார் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த டீச்சர் வருவதற்கு முந்தின வருஷம் ஆண்டு விழாவில் நம் தலைவியின் மகள் மேடையில் ஏறி, எறும்பும் மழையும் என்ற பாடத்தைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மூச்சில் வாசித்தாள். முதலாம் வகுப்புப் பிள்ளை! மைக் செட்டே தேவைப்படவில்லை. நான் ஒரு எவர்சில்வர் தட்டைப் பரிசாகக் கொடுத்தேன். தாய்க்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்ததை ஊரே பார்த்தது.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மாறுதலாகிப் போனார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஆள் இல்லை. குழுவே தற்காலிகமாக ஒருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நெசவுக்கார வீட்டுப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். காலை எட்டேகால் பஸ்ஸில் வந்து சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவார். இரண்டாம் மூன்றாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் அவரிடம் கொடுத்தார்.

அன்றோடு சத்தம் நின்றது.

முதல் வாரம், புது டீச்சர் பழகட்டும் என்று விட்டோம். அடுத்த மாதமும் சத்தம் வரவில்லை. ஆடிக் காற்றில்கூட ஒன்றும் வரவில்லை. கண்மாய்க்கரையில் பேச்சு ஆரம்பித்தது. ஒருநாள் தலைவி கரிச்சாக்கைத் தைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“மொதலாளி, எம்மக போன வருசம் முழுப் பாடத்தையும் வாசிச்சா. இப்ப வீட்டுல வந்து ஒரு அட்டையை வச்சுக்கிட்டு ரெண்டு எழுத்தை அரை மணி நேரம் முணுமுணுங்கா. படிச்சதையும் மறக்கடிச்சிட்டாக அந்த டீச்சர்.”

“அடிக்கிறாகளா?”

“அடிச்சாத்தான் தேவலையே. சத்தமே போட மாட்டேங்காக.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபப்பட்டால் காரியம் நிற்காது. தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. “கொஞ்சம் பொறுங்கய்யா, அந்தப் பிள்ளை வேற மாதிரி சொல்லிக் கொடுக்குது” என்றார்.

“வேற மாதிரின்னா என்ன சார்? வாயை மூடிக்கிட்டா?”

வெள்ளிக்கிழமை கூட்டம் போடச் சொன்னேன். டீச்சரை நிறுத்துவதற்கு ஒரு தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் சொன்னேன். குழு போட்ட ஆள், குழு எடுத்துவிடலாம். ஒரு பள்ளியில் தீர்மானம் போட்டு நிறுத்தின டீச்சரை அக்கம்பக்கத்தில் எந்தப் பள்ளியும் சேர்க்காது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனாலும் நான் நியாயஸ்தன். ஒரு ஆளின் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று புதன்கிழமை பத்தரை மணிக்கு அந்த வகுப்புக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலி கிறீச்சென்றது. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுசு திரும்பி உதட்டில் விரலை வைத்து, “தாத்தா, சத்தம் போடாதீக. டீச்சர் கேட்டுக்கிட்டு இருக்காக” என்றது. என்னை! நான் கட்டின சுவருக்குள்ளே!

டீச்சர் கரும்பலகைப் பக்கம் இல்லை. மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளை. அது எழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே முனகியது. டீச்சர் குனிந்து காதைக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னாலும் அவர் சொல்லிக்கொடுக்க அவசரப்படவில்லை. காத்திருந்தார். மற்ற பிள்ளைகள் மூன்று நான்கு பேராக வட்டம் கட்டி அட்டைகளைப் பொருத்திக்கொண்டும், தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொண்டும், ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டும் இருந்தார்கள். தேன்கூட்டுப் பக்கம் போனால் கேட்குமே, அப்படி ஒரு இரைச்சல். வாசல் தாண்டினால் அதுவும் கேட்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைவியின் மகளைக் கூப்பிட்டேன். “ஏத்தா, இங்க வா. போன வருசம் மேடையில வாசிச்சியே எறும்புப் பாடம், அதை வாசி.”

டீச்சர் எழுந்து வந்தார். “ஐயா, பிள்ளைக முன்னாடி வேண்டாம். அப்புறமா நான் காட்டுறேன்.”

“ஏன் வேண்டாம்? வாசிக்கிற பிள்ளைதான?”

பழைய புத்தகம் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை நிமிர்ந்து நின்று, மேடையில் நின்ற மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கே சகிக்கவில்லை.

“அப்படிப் போடு! சரி, இப்ப இதை வாசி” என்று நானே கையை நீட்டி நாலைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டேன்.

பிள்ளை புரட்டின பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். எறும்பு புற்றைவிட்டு வெளியே வந்தது, வானம் கறுத்தது, எறும்பு அரிசியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் எறும்பு இல்லை. ஒரு பஸ்ஸும் அதில் ஏறுகிற கூட்டமும் படம் போட்டிருந்தது.

மூன்று வரி போன பிறகு அவளுக்கும் தெரிந்துவிட்டது. குரல் இறங்கியது. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீச்சர் நிதானமாகப் புத்தகத்தை வாங்கி மூடினார். “இந்தப் பக்கத்துக்கு நாம இன்னும் வரலைல்ல? நீ உன் அட்டையை எடுத்துட்டுப் போய் உக்காரு. அடுத்து உன் முறை” என்றார். பிள்ளை போய்விட்டாள்.

இடைவேளை மணி அடித்தது. வராண்டாவில் டீச்சரைப் பிடித்தேன். அப்போதும் என் குரல் இறங்கவில்லை.

“போன வருசம் நல்லா இருந்த பிள்ளையை இப்பிடி ஆக்கி வச்சிருக்கீகளே.”

“போன வருசமும் இப்பிடித்தான் ஐயா இருந்தா. ஜூன்ல தனியா உக்கார வச்சுக் கேட்டேன். பத்து எழுத்துத் தெரிஞ்சுது. இப்ப சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் கூட்டுறா. அவ வாசிக்கிறது இந்த ரெண்டு மாசமாத்தான்.”

“இதை அவ ஆத்தாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொல்லலாம்னு வீட்டுக்குப் போனேன். பரிசு வாங்குன தட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காக. உக்காருங்க டீச்சர்னு காப்பி போட்டுக் குடுத்தாக. சொல்ல வாய் வரல, குடிச்சிட்டு வந்துட்டேன்.”

“அப்ப மத்த பிள்ளைக?”

“இருபத்தி நாலு பிள்ளைகள்ல ஆறு பேர் வாசிச்சாங்க. மத்தவங்க கூட்டத்தோட கத்துனாங்க.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? டிரெயினிங்ல சொல்லிக் குடுத்தாகளா?”

அவர் கொஞ்சம் சிரித்தார். “நானும் கத்துன பிள்ளைதான் ஐயா. எங்க வீட்டுல தெலுங்கு. ஸ்கூல்ல எல்லாரும் சொல்லும்போது நானும் சொல்லுவேன். எங்க டீச்சருக்கு என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும், அவ்வளவு சத்தம். அஞ்சாம் வகுப்புல ஒரு நாள் தொண்டை கட்டிருச்சு. எல்லாரும் வாசிக்கிறாங்க, நான் புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியல. குரல் இல்லாமப் போன அன்னைக்குத்தான் எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எனக்கே தெரிஞ்சுது.”

நான் மூட்டத்துக்கு வந்துவிட்டேன். புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் ஏதோ கேட்டார்கள். லாரி லோடு ஏற்றுகிறதைப் பற்றி. என்னவோ சொன்னேன்.

பஸ் படம் போட்ட பக்கத்தை நான் புரட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? அது வேறு பாடம் என்று எனக்கும் படத்தை வைத்துத்தான் தெரிந்தது.

இதை இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு எண் தெரியும். எடைமேடைச் சீட்டில் ஒரு கிலோ பிசகினாலும் பிடித்துவிடுவேன். என் பேரை எழுதுவேன், பஸ் போர்டு தெரியும், பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்பை எழுத்துக் கூட்டி ஒப்பேற்றிவிடுவேன். டீக்கடைக்கு நான் ஏழு மணிக்கு மேல்தான் போவேன். அதற்குள் யாராவது பேப்பரைச் சத்தமாக வாசித்து முடித்திருப்பார்கள், பக்கத்துக் கடையில் நின்றபடி கேட்டிருப்பேன். அப்புறம் பேப்பரை வாங்கி விரித்து வைத்துக்கொண்டு, பிந்தி வருகிறவர்களுக்கு நான் சேதி சொல்வேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். அதில் என்னை ஜெயிக்க ஆளில்லை. பள்ளிக்கூடத் தீர்மான நோட்டும் அப்படித்தான். தலைமையாசிரியர் வாசிப்பார், நான் நோட்டை வாங்கி மேலும் கீழும் பார்ப்பேன், “சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போடுவேன். என் வீட்டுக்காரிக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் கேட்காமலே சத்தமாக வாசிப்பாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். பதினைந்து பதினாறு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் கண்மாய் வேலையிலிருந்து நேராக வந்த தாய்மார்கள். டீச்சரை அடுத்த அறையில் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். என்ன கூட்டம் என்று அவருக்குத் தெரியும். எழுத்து அட்டைகளை ஒரு பையில் போட்டு வாசலோரம் வைத்திருந்ததைப் பார்த்தேன். அவர் சொந்தக் கையால் வெட்டி ஒட்டின அட்டைகள்.

தலைவிதான் முதலில் பேசினாள். “அந்த டீச்சர் மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. ஆனா எம்மக வாசிச்சதைக் காதால கேட்டவ நான். மொதலாளி எப்பிடிச் சொல்றாகளோ அப்பிடி.”

எல்லாரும் விசிறியைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் நோட்டைத் திறந்து தீர்மானத்தை வாசிக்கத் தொண்டையைச் செருமினார்.

“குடுங்க சார். நான் வாசிக்கிறேன்” என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தேன்.

“தீ... தீர்... மா... னம்.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து ஒருத்தர் சிரித்தார். இரண்டாவது வரியில் “மொதலாளி வேற கண்ணாடியைப் போட்டு வந்துட்டாக போல” என்றார் இன்னொருத்தர். “கண்ணாடி சரியாத்தான் இருக்கு” என்றேன். மூன்றாவது வரியில் ‘திருப்திகரமாக’ என்று ஒரு வார்த்தை. அதில் முட்டிக்கொண்டு நின்றேன். மூன்று தடவை ஆரம்பத்திலிருந்து வந்தேன். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. வேர்த்துக் கண்ணாடி வழுக்கியது. சொல்லிக் கொடுக்கத் தலைமையாசிரியர் வாயைத் திறந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வேகிற மூட்டத்தின் மேல் ஏறி நின்றிருக்கிறேன். லாரி கவிழ்ந்து அடியில் கிடந்திருக்கிறேன். அந்த ஏழு வரி அளவுக்கு எதுவும் என்னைப் படுத்தியதில்லை.

முடித்துவிட்டு நோட்டை மேசையில் வைத்தேன்.

“இதுல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. இதே பள்ளிக்கூடத்துல மூணு வருசம் கத்துனவன் நான். என் சத்தம் கம்மாய்க்கரை வரைக்கும் கேட்டுச்சு. எங்க ஆத்தா கேட்டுச் சந்தோசப்பட்டுச்சு. இப்ப நான் வாசிச்ச லட்சணத்தை நீங்க கேட்டீக. அந்த டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டுக் காதைக் குடுத்துக் கேக்காக. என்னைய ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்ல.”

தலைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி.

“அப்ப எம்மக...?”

தரையைப் பார்த்தேன்.

“மேடையில?”

“நான்தான் தட்டுக் குடுத்தேன். எனக்கும் தெரியல” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு டீச்சரைக் கூப்பிடச் சொன்னாள். டீச்சர் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே வந்து நின்றார்.

“டீச்சர், வாசிச்சிருவாளா?”

“பொங்கலுக்குள்ள வாசிச்சிருவா. ஆனா சத்தமா இருக்காது. மெதுவாத்தான் வாசிப்பா.”

“உங்களுக்குக் கேட்டாச் சரி” என்றாள் தலைவி. அப்புறம் என் பக்கம் திரும்பி, “புதன்கெழமை நீங்க அவளைப் பிள்ளைக முன்னாடி நிக்க வச்சீகளாம். வீட்டுல வந்து சோறு திங்கல. அது தப்பு மொதலாளி” என்றாள். என்னிடம் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள், என்னிடம் அப்படிப் பேசினது அன்றைக்குத்தான்.

“தப்புத்தான்” என்றேன்.

அவள் மேசையில் இருந்த பேனாவை எடுத்துத் தீர்மானத்தின் மேல் வைத்தாள். “எங்க சார் கோடு போடணும்?”

தலைமையாசிரியர் பதறிப்போனார். “கோடெல்லாம் போடக் கூடாதும்மா, ஆபீசு நோட்டு! கீழ, கைவிடப்பட்டதுன்னு நான் எழுதுறேன், நீ கையெழுத்துப் போடு.” எழுதினார், போட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “அப்ப எம்மவன் வாசிக்கிறானா இல்ல கத்துறானான்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர்” என்று எழுந்தாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது என்னைத் தைரியசாலி என்று சொல்வார்களா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டீச்சர் அட்டைப் பையோடு நின்றார். வண்டியை நிறுத்திவிட்டுப் போனேன். நன்றி சொல்வார், பெருந்தன்மையாக ‘இருக்கட்டும்’ என்று சொல்லலாம் என்று தயாராகத்தான் போனேன். பக்கத்து ஊர் எம்.ரெட்டியபட்டிக்காரர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

“ஐயா, பக்கத்து ரூம்ல இருந்து கேட்டேன்” என்றார் டீச்சர். “எழுத்துக் கூட்டுறதெல்லாம் நல்லாத்தான் கூட்டுறீங்க. ஆனா ஒரு வார்த்தையை முடிச்சதும் அதை முழுசா ஒரு தடவை திரும்பச் சொல்லணும். நீங்க சொல்லாம அடுத்ததுக்குப் போயிர்றீங்க. அதான் வரி முடியும்போது முதல்ல என்ன வந்துச்சுன்னு உங்களுக்கு மறந்துபோகுது.”

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் முப்பது வருஷமாக என்னிடம் யாரும் குற்றம் கண்டதில்லை. கண்டவன் மறுநாள் என்னிடம் வேலையில் இருந்ததில்லை. “சரி டீச்சர்” என்றேன்.

அவர் நம்பவில்லை போலிருக்கிறது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சுவரில் சிமெண்டு விளம்பரம் எழுதியிருந்தது. “அதை வாசிங்க பாப்போம்” என்றார்.

எம்.ரெட்டியபட்டிக்காரர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். வரவில்லை. டீச்சர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். நான் விரலைத் தூக்கிச் சுவரை நோக்கி நீட்டி, முதல் வார்த்தையை வாசித்தேன். முழுசாகத் திரும்ப ஒரு தடவை சொன்னேன். பிறகு அடுத்த வார்த்தைக்குப் போனேன்.